குடிவந்த பாஷை

புதுச்சேரிக்காரர்களுக்கு ஆகஸ்டு மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு விசேஷ நாட்கள் உண்டு. 15-ஆம் தேதி தேசம் முழுவதற்கும் பொதுவானது. மறுநாளான 16-ஆம் தேதி எங்கள் பிரதேசத்துக்கே உரியது. 1962-ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் பிரான்ஸ் இந்த மண்ணைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தது.

அதே ஆகஸ்டு 16-க்கு வேறொரு சரித்திரமும் உண்டு என்று என் அண்ணன் மகள் சொன்னாள். அவள் கணினி படிக்கிறவள். 1993-ஆம் ஆண்டு அதே தேதியில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக் என்ற இருபது வயது மாணவர், டெபியன் என்னும் இயங்குதளத்தை வெளியிடப் போவதாக அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரில் முன்பாதியையும் தம் பெயரையும் சேர்த்து அவர் சூட்டிய பெயர் அது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் ஒரு பாஷை ஓரிடத்தில் எப்படிக் குடிவருகிறது, வந்த பிறகு அதை அனுப்புவது ஏன் அத்தனை சிரமம் என்பதற்கு இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால்தான் எனக்கு விளக்கம் கிடைக்கிறது.

கணினிக்கு வேலை சொல்ல ஒரு பாஷை வேண்டும். அப்படிப்பட்ட பாஷைகளில் பைத்தான் பிரசித்தமானது. கீடோ வான் ராசம் என்ற டச்சுக்காரர் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கி 1991-இல் வெளியிட்டது. பெயரைக் கேட்டு மலைப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலேயத் தொலைக்காட்சியின் ஹாஸ்யக் குழு ஒன்றின் பெயரிலிருந்து எடுத்ததுதான்.

அந்த நாட்களில் லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒரு பாஷையைக் கொண்டுவந்து வைப்பது லேசான காரியமல்ல. மூல நிரலைத் தேடிப் பிடித்து, நம் யந்திரத்துக்கு ஏற்றபடி நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். பாதிச் சமையலில் இன்ன சாமான் இல்லை என்று அடுப்பு அணைந்துவிடும். அந்தச் சாமானைத் தேடிப் போனால் அதற்கு இரண்டு சாமான்கள் வேண்டும் என்பார்கள். மர்டாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இதற்குக் கண்ட வழி, எல்லாவற்றையும் சமைத்துப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டை ஒட்டிவிடுவது. ‘நான் வேலை செய்ய இன்னின்ன பொட்டலங்கள் கூட இருக்க வேண்டும்’ என்று அந்தச் சீட்டு சொல்லும். 1996 ஜூனில் வந்த பதிப்பில் 474 பொட்டலங்கள் இருந்தன. 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் 64 ஆயிரத்துக்கு மேல்.

சீட்டுகளையெல்லாம் படித்து, வேண்டியதை வேண்டிய வரிசையில் தருவிக்கும் ஆசாமிக்கு ‘ஆப்ட்’ என்று பெயர். 1999-இல் வெளிவந்த டெபியன் பதிப்பில் அது சேர்ந்தது. கணினிக்காரர்கள் தொகுப்பு மேலாளர் என்கிறார்கள். பண்டகசாலைக் கணக்கப்பிள்ளை என்று சொன்னால் என் போன்றவர்களுக்குச் சுலபமாகப் புரியும். எது எங்கே இருக்கிறது, எது எதை நம்பி நிற்கிறது என்பதெல்லாம் அவர் பேரேட்டில் பதிவாகியிருக்கும். சரக்கு பண்டகசாலையிலிருந்துதான் வந்ததா, வழியில் யாராவது மாற்றிவிட்டார்களா என்று முத்திரையைப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்.

“பைத்தானை இறக்கிக் காட்டேன், பார்க்கலாம்” என்று அவளிடம் கேட்டேன். “சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3” என்று ஒரே வரி தட்டினாள். கணக்கப்பிள்ளையின் பதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அது ஏற்கெனவே இருக்கிறது, புதிய பதிப்புதான் என்று சொல்லிவிட்டார்.

“யார் கொண்டுவந்து வைத்தது?” என்றேன்.

“யாரும் தனியாக வைக்கவில்லை, சித்தப்பா. வீட்டு வேலை பாதி இந்தப் பாஷையில்தான் நடக்கிறது. இப்போது இதை வெளியே அனுப்பச் சொல்லிப் பார்க்கிறேன். பயப்படாதீர்கள், கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.”

அனுப்பச் சொன்னதும் திரையில் ஒரு ஜாபிதா ஓடியது. பைத்தான் போனால் கூடவே போகவேண்டியவை என்று வரிவரியாகப் பெயர்கள். கடைசியில், தொடரலாமா என்று ஒரு கேள்வி. அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவன் அந்த ஜாபிதாவைப் படிக்காமல் ‘ஆம்’ என்று தட்டிவிட்டானாம். மறுமுறை கணினியைத் திறந்தபோது படங்களும் ஜன்னல்களும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் மினுக்கியதாம்.

அந்த ஜாபிதாவைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் பாஷை அன்றைக்கே கைமாறவில்லை. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்களின் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றே எழுதினார்கள். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1965-இல் வந்தது.

எஜமானனே போன பிறகு அவன் பாஷைக்கு என்ன உபசாரம் என்று வாசகர்கள் கேட்கலாம். எஜமானனுக்காகச் செய்த உபசாரம் அல்ல அது. பிறப்புப் பதிவும் கல்யாணப் பதிவும் நிலப் பத்திரமும் கோர்ட்டுத் தீர்ப்பும் பிரெஞ்சில் இருந்தன. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் சந்ததிக்குச் சொத்திலும் விவாகத்திலும் இன்றும் அந்தச் சட்டமே செல்லுபடியாகிறது. எங்கள் பாட்டனார் வாங்கிய வீட்டின் பத்திரமும் பிரெஞ்சுதான். எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இப்போது இல்லை. பாகப்பிரிவினை வந்தபோது, பிரெஞ்சு தெரிந்த ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் அண்ணனும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்ட பிறகே எங்கள் வீட்டின் எல்லை எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பாஷையை நாங்கள் பேசவில்லை. ஆனாலும் எங்கள் கூரை அதன்மேல்தான் நின்றது.

கணினி உலகத்திலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழையதற்கு எழுதியவை பலவும் புதியதில் அப்படியே ஓடா. பழையதற்கு முறைப்படி விடைகொடுத்தது 2020 ஜனவரி 1 அன்று. இடையில் பதினோரு ஆண்டுகள். எங்கள் ஊர் காத்திருந்த எட்டு ஆண்டுகளைவிட அதிகம். ‘பைத்தான் என்றால் பைத்தான் மூன்று’ என்ற பெயரிலேயே டெபியனில் ஒரு பொட்டலம் இருக்கிறது. பெயரின் உரிமையைக்கூடச் சாசனம் எழுதித்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

சரி, வீட்டுப் பாஷையைத் தொடக்கூடாது என்றால் புதியது கற்கிறவர்கள் என்ன செய்வது? அதற்கும் ஒரு முறை செய்திருக்கிறார்கள். டெபியனின் பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து, பைத்தானின் சொந்தத் தரகனான ‘பிப்’ வெளிச் சரக்கை நேராக வீட்டுக் கூடத்தில் இறக்க முடியாது. இந்த இடம் கணக்கப்பிள்ளையின் பொறுப்பில் இருக்கிறது என்று தடுத்துவிடும். மீறித்தான் ஆகவேண்டும் என்றால், ‘வீட்டுப் பொட்டலங்களை உடை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை நாமே முழுசாகத் தட்ட வேண்டும். பாவத்தின் பெயரைச் சொல்லித்தான் பாவம் செய்யலாம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தடுப்பதோடு நிற்காமல் வழியும் சொல்கிறது: தனி அறை ஒன்று கட்டிக்கொள், அங்கே உன் இஷ்டம்போல் எதையும் வைத்துக்கொள்.

முத்து அண்ணாமலை என்பவர் ‘எழில்’ என்ற தமிழ் நிரல் மொழியை உருவாக்கியிருக்கிறார். ‘பதிப்பி’ என்றால் அச்சிடும். ‘முடி’ என்றால் முடிக்கும். நம் குழந்தைகள் தமிழிலேயே கணினிக்குக் கட்டளையிடலாம். அந்த எழில் பைத்தானின் மேல் கட்டியது. தமிழ்ச் சொல்லைத் தூக்கிப் பார்த்தால் கீழே பைத்தான் இருக்கும். அதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. தாங்கி நிற்பது யார் என்று தெரிந்திருந்தால் போதும்.

இயன் மர்டாக் 2015 டிசம்பரில், 42-ஆம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய பேரேட்டை உலகமெங்கும் பல தொண்டர்கள் இன்றும் எழுதி வருகிறார்கள். இந்தப் பாஷையை இன்றே கொண்டுவா, அந்தப் பாஷையை நாளைக்கே அனுப்பு என்று மேடைகளில் யார் பேசினாலும் எனக்குத் திரையில் ஓடிய அந்த ஜாபிதா நினைவுக்கு வருகிறது. அனுப்பவே கூடாது என்பதல்ல என் கட்சி. கூடவே யார் யார் போகிறார்கள் என்று கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும்.