திரள் நடுக்கமும் புதிய எரிமலையும்: மயோட் தந்த சான்று

பெருநடுக்கம் ஒன்று நிகழ்ந்து, அதன் பின்னதிர்வுகள் நாளடைவில் தேய்ந்து அடங்குவதே நிலநடுக்கத்தின் பழகிய போக்கு. இதற்கு மாறாக, தலைமை நடுக்கம் என எதனையும் சுட்ட இயலாதவாறு, ஏறத்தாழ ஒத்த அளவுடைய நடுக்கங்கள் ஓரிடத்தில் நாள்கணக்காகவும் மாதக்கணக்காகவும் தொடர்வதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போகிமியா–சாக்சனி எல்லைப்பகுதியில் இதனை ஆராய்ந்தோர், தேனீக்கூட்டத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லால் இதற்குப் பெயரிட்டனர். அச்சொல் நிகழ்வின் வடிவத்தைக் கூறுகிறதே தவிர, காரணத்தைக் கூறுவதில்லை. அவ்வெல்லைப்பகுதியில் திரள்கள் பலமுறை நிகழ்ந்தும் எரிமலை எதுவும் பிறக்கவில்லை.

இந்தியக் கடற்பரப்பிலும் இவ்வினா எழுந்தது. 2004 டிசம்பர் பெருநடுக்கத்திற்கு ஒரு மாதம் கழித்து, 2005 ஜனவரி இறுதியில், நிக்கோபாருக்கு அப்பால் அந்தமான் கடலில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுடைய நடுக்கங்கள் 150க்கும் மேல் பதிவாயின. கற்குழம்பு மேலெழுந்ததா, பெருநடுக்கம் மாற்றியமைத்த தகைவினால் பழைய பிளவுகள் நழுவினவா என்பது விவாதப் பொருளாயிற்று. கோவாவின் தேசியக் கடலாய்வியல் நிறுவன ஆய்வாளர்கள் கடலடியில் நிலநடுக்கமானிகளை வைத்து, இப்பகுதித் திரள்களைப் பின்னர் ஆராய்ந்தனர். அவற்றைக் கற்குழம்பின் நகர்வோடு தொடர்புபடுத்தினர்.

ஐயத்திற்கு இடமின்றி விடை கிடைத்த இடம் மயோட். மொசாம்பிக்கிற்கும் மடகாஸ்கருக்கும் இடைப்பட்ட இந்தப் பிரெஞ்சுத் தீவில் 2018 மே 10 அன்று நடுக்கங்கள் தொடங்கின. மே 15 அன்று 5.9 அளவுடைய நடுக்கம் நிகழ்ந்தது. அடுத்த மாதங்களில் தீவு கிழக்கு நோக்கி நகர்ந்ததையும் தாழ்ந்ததையும் செயற்கைக்கோள் இடங்காட்டிகள் பதிவு செய்தன. நவம்பர் 11 அன்று சுமார் 20 நிமிடம் நீடித்த மெல்லதிர்வு ஒன்று உலகெங்கும் உள்ள கருவிகளில் பதிவாயிற்று. இவையனைத்தும் நிலத்தடியில் பெரும் கற்குழம்புத் தேக்கம் ஒன்று வெறுமையாகி வருவதை உணர்த்தின. ஆயினும் அவை மறைமுகச் சான்றுகளே.

நேர்ச்சான்று 2019 மே மாதம் கிட்டியது. மரியோன் துஃப்ரேன் ஆய்வுக்கப்பல், தீவுக்கு 50 கிலோமீட்டர் கிழக்கே, ஏறத்தாழ 3,500 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்த 820 மீட்டர் உயர எரிமலையைக் கண்டறிந்தது. 2014இல் வரையப்பட்ட கடலடிப் படத்தில் அம்மலை இல்லை. இரு படங்களையும் ஒப்பிட்டே, அது புதிதாகப் பிறந்தது என்றும், வெளிப்பட்ட குழம்பு ஏறத்தாழ 5 கன கிலோமீட்டர் என்றும் நிறுவினர். பின்னர் அது ஃபானி மவோரே எனப் பெயர் பெற்றது.

அந்த ஓராண்டு முழுதும் தீவு மக்கள் காரணம் அறியாமலே நடுக்கங்களைத் தாங்கினர். இரவில் வீட்டுக்கு வெளியே உறங்கியோர் பலர். பெரும்பாலோரின் தாய்மொழி ஷிமாவோரே அல்லது கிபுஷி. விளக்கங்களோ பிரெஞ்சு அறிவியல் நடையில் வந்தன. அந்த இடைவெளியை ஊகங்களே நிரப்பின.

ஆகவே, நடுக்கத் திரள் எழுப்புவது ஒரு வினாவை மட்டுமே. அதற்குரிய விடை, கடல் அமைதியாக இருந்த காலத்தில் எவரோ வரைந்து வைத்த படத்தில் இருக்கிறது. அவ்விடையை மக்களின் மொழியில் சொல்வதும் அறிவியலின் கடமையே.