புற்றுமண் சொல்லும் சேதி

சங்கரன்கோவிலில் புற்றுமண்ணை நெற்றியில் அணியும் நாம், அது எங்கிருந்து வந்ததென்று எண்ணுவதில்லை. பாம்பு குடியேறினாலும் புற்றெடுப்பது கறையானே. ஈரம் நாடி ஆழத்தில் இறங்கும் அது, அடிமண்ணை மேலே கொணர்கிறது.

6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர், 'பிருகத் சம்ஹிதை'யில் நிலத்தடி நீருக்குப் புற்றையும் ஓர் அடையாளமாகச் சொன்னார். 1930களில் சோவியத் அறிஞர்கள் மேல்மண்ணை வரிசையாக எடுத்து, அதிலுள்ள உலோக அளவை ஆராய்ந்து, புதைந்த கனிமங்களைத் தேடினர். 2012இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள், தங்கப் படிவுக்கு மேலிருந்த கறையான் புற்றுகளில் தங்கம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தனர்.

இதைக் கொண்டு, முன்னோர் வேதியியலையும் அறிந்திருந்தனர் என நாம் மார்தட்டுதல் தகாது. வராகமிகிரர் தேடியது நீர், கண்டது அடையாளம். அளந்து மெய்ப்பித்தது பிற்கால அறிவியல். ஆயினும் புற்றைக் கூர்ந்து நோக்கிய அந்தப் பழக்கத்தை நாம் இழந்துவிடலாகாது.