ஹியூ ஓவன் தாமஸ்

ஹியூ ஓவன் தாமஸ் (ஆகஸ்ட் 23, 1834 – ஜனவரி 6, 1891) வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பணியாற்றிய இவர், பிரித்தானிய எலும்பு மூட்டு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இவர் உருவாக்கிய தாமஸ் சிம்பு முதலாம் உலகப் போரில் பல வீரர்களின் உயிரைக் காக்க உதவியது.

குடும்பப் பின்னணி

தாமஸ் வேல்ஸின் ஆங்கில்சி தீவில் பிறந்தார். இவரது முன்னோர் பல தலைமுறைகளாக எலும்பு முறிவு வைத்தியம் செய்து வந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் தீவின் கரையோரம் கப்பல் உடைந்தபோது உயிர்தப்பிய ஒரு சிறுவனே இப்பரம்பரையின் மூலவன் என்று கூறப்படுகிறது. தாமஸின் தந்தை எவான் தாமஸ் லிவர்பூலில் புகழ்பெற்ற எலும்பு வைத்தியராக விளங்கினார். மருத்துவப் பட்டம் பெறாத காரணத்தால் அவர் மருத்துவர்களின் எதிர்ப்புக்கு ஆளானார். எனவே தம் ஐந்து மகன்களையும் முறையாக மருத்துவம் படிக்க வைத்தார். மூத்தவரான ஹியூ எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்று, 1857ல் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினரானார்.

மருத்துவப் பணி

தந்தையுடன் சேர்ந்து தொடங்கிய பணி நீடிக்கவில்லை. தாமஸ் தனியே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். லிவர்பூல் நெல்சன் தெருவில் 11ஆம் எண் வீடே இவரது மருத்துவமனையாக விளங்கியது. கப்பல் துறைத் தொழிலாளர்களும் மாலுமிகளும் இவரிடம் பெருமளவில் வந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தார். சிம்புகளைச் செய்வதற்குக் கொல்லரையும் தோல் வேலை செய்பவரையும் பணிக்கு அமர்த்தியிருந்தார்.

இவர் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் பதவி வகிக்கவில்லை. இதனாலும், பிற மருத்துவர்களைக் கடுமையாகச் சாடி எழுதியதாலும் இவரது முறைகள் வாழ்நாளில் பரவலாக ஏற்கப்படவில்லை.

சிகிச்சைக் கொள்கை

அக்காலத்தில் மூட்டுக் காசநோய்க்கு மூட்டை வெட்டி அகற்றுவதும், கால்களைத் துண்டிப்பதும் வழக்கமாக இருந்தன. தாமஸ் இவற்றை எதிர்த்தார். நோயுற்ற மூட்டுக்கு முழுமையான, இடைவிடாத, நீண்டகால ஓய்வு அளித்தால் உறுப்பைக் காப்பாற்றலாம் என்பது இவரது கொள்கை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்கள் பற்றிய இவரது நூல் 1875ல் வெளிவந்தது.

தாமஸ் சிம்பு

தொடையின் மேற்பகுதியைச் சுற்றி அமையும் தோல் உறையிட்ட வளையமும், அதிலிருந்து காலின் இருபுறமும் இறங்கிப் பாதத்துக்குக் கீழே இணையும் இரும்புக் கம்பிகளும் இதன் பகுதிகளாகும். பாதத்தைக் கீழ்முனையுடன் இழுத்துக் கட்டும்போது, வளையம் இடுப்பெலும்பில் ஊன்றி நிற்கும். இந்த இழுவையால் முறிந்த எலும்பின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அசையாமலும் இருக்கின்றன. முதலில் முழங்கால் மூட்டு நோய்க்காக உருவாக்கப்பட்ட இது, பின்னர் தொடை எலும்பு முறிவுக்கும் பயன்பட்டது.

முதலாம் உலகப் போரில்

தாமஸின் மனைவியின் உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் (1857–1933) இவருடன் தங்கி மருத்துவம் பயின்று, இவரது முறைகளைப் பரப்பினார். போரின் தொடக்கத்தில், குண்டடிபட்டுத் தொடை எலும்பு முறிந்த வீரர்களுள் பெரும்பாலோர் இறந்தனர். தூக்கிச் செல்லும்போது எலும்பு முனைகள் அசைந்து தசையையும் இரத்தக் குழாய்களையும் கிழித்ததே இதற்கு முக்கியக் காரணம். ஜோன்ஸின் முயற்சியால் தாமஸ் சிம்பு போர்முனையிலேயே பொருத்தப்பட்டது. இருளிலும் பொருத்த இயலும்படி, வீரர்களைத் தூக்கிச் செல்வோர் கண்களைக் கட்டிக்கொண்டு பயிற்சி பெற்றனர். 1916ல் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம், பின்னர் 20 விழுக்காடு அளவுக்குக் குறைந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. காயத்தை விரைந்து தூய்மைப்படுத்தும் அறுவை முறை போன்றவையும் இதற்கு உதவின.

மறைவும் நினைவும்

தாமஸ் 1891ல் தமது 56ஆம் அகவையில் லிவர்பூலில் காலமானார். தொழிலாளர்கள் பெருந்திரளாக இறுதி ஊர்வலத்தில் கூடினர். இடுப்பு மூட்டின் மடக்க இறுக்கத்தைக் கண்டறியும் தாமஸ் சோதனை, கழுத்துக்கான தாமஸ் பட்டை ஆகியன இவர் பெயரால் வழங்குகின்றன. பெரியவர்களின் தொடை எலும்பு முறிவுக்கு இன்று அறுவை சிகிச்சையே பெரிதும் செய்யப்படினும், அதுவரை காலை அசையாமல் வைக்கத் தாமஸ் சிம்பு இன்றும் பயன்படுகிறது.