திரியைக் குறைத்துவிட்டுச் சொன்ன கதைகள்

‘க்வைதான்’ படத்தை முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், நண்பன் ஒருவனின் லேப்டாப்பில். மசாகி கோபயாஷி 1964-ல் எடுத்தது. உடம்பு முழுக்க சூத்திரம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் கண் தெரியாத இசைஞன் ஹோய்ச்சி. காதில் மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள்; பேய் காதைப் பிய்த்துக்கொண்டு போகிறது. அன்றிரவு எங்கள் அறையில் யாரும் லைட்டை அணைக்கவில்லை. மூலக்கதையைத் தேடிப்போனபோதுதான் தெரிந்தது, அது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகம். எழுதியவர் ஜப்பானில் பிறந்தவரும் இல்லை.

லாஃப்காடியோ ஹெர்ன், 1850-ல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். அம்மா கிரேக்கப் பெண், அப்பா அயர்லாந்துக்காரர். டப்ளினில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் இடது கண்ணை இழந்து, அமெரிக்கா போய்ப் பத்திரிகையாளரானவர். 1890-ல் ஜப்பானுக்கு வந்தார். மாட்சுவே ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், கொய்சுமி செட்சுவைக் கல்யாணம் செய்துகொண்டார், 1896-ல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடிமகனானார். ‘க்வைதான்’ வந்தது 1904-ல். அதே வருடம் செப்டம்பரில் இறந்துபோனார்.

இதெல்லாம் விக்கிபீடியாவிலேயே கிடைக்கும். என்னை உறுத்தியது வேறு. பதினான்கு வருடம் அங்கே வாழ்ந்தும் ஹெர்னால் பழைய ஜப்பானியப் புத்தகங்களைத் தானாகப் படிக்க முடியாது. அப்புறம் எப்படி இந்தக் கதைகள்?

செட்சு, மெய்ஜி காலத்தில் நொடித்துப்போன சாமுராய் குடும்பத்துப் பெண். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்த ஓர் உடைசல் ஜப்பானிய மொழியில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். செட்சு பழைய புத்தகக் கடைகளில் அலைந்து பேய்க்கதைப் புத்தகங்களை வாங்கி வருவார். இரவில் விளக்குத் திரியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்து சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் ஹெர்ன் ஒத்துக்கொள்ள மாட்டார். அது செட்சுவின் சொந்த வார்த்தையாக, சொந்த எண்ணமாக இருந்தாக வேண்டும். ஆக, முழுக்கதையும் முதலில் அவருக்குள் இறங்கணும். கனவில்கூட வந்ததாம். ஹெர்ன் விடமாட்டார்: அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும், மரச்செருப்பு எப்படிச் சத்தம் போட்டிருக்கும், திரும்பச் சொல். ஹோய்ச்சி கதையில் வாசலைத் திறக்கச் சொல்லும் சாதாரண வார்த்தை ஒரு போர்வீரனின் வாய்க்குப் பொருந்தவில்லை என்று, இன்னும் கம்பீரமான ‘கைமோன்’ என்ற சொல்லைப் பிடித்தார்கள்.

இதற்கு ‘உதவி’ என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. எதைச் சுருக்குவது, எங்கே மூச்சை நிறுத்துவது என்பதெல்லாம் கதைசொல்லியின் வேலை. ஆங்கில வாக்கியங்களின் அந்த நிதானம் ஹெர்னுடையது, அதையும் மறுக்க முடியாது. ஆனால் ‘க்வைதான்’ முன்னுரையைப் பாருங்கள். பழைய நூல்களின் பெயர் இருக்கிறது. ‘யுகி-ஒன்னா’, அதாவது பனிப்பெண் கதையைச் சொன்ன ஒரு விவசாயிக்கும் இடமிருக்கிறது. செட்சு இல்லை.

வீட்டுக்குள் நிலைமை வேறு. தான் படிக்காதவள் என்று செட்சு வருத்தப்பட்டபோது, ஹெர்ன் அவரைப் புத்தக அலமாரிக்கு முன்னால் கூட்டிப்போய், இவையெல்லாம் உன்னால்தான் வந்தன என்றாராம். ஹெர்ன் இறந்த பிறகு வெளிவந்த செட்சுவின் நினைவுக்குறிப்பு இல்லையென்றால் இது எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது.

அதில் ஒரு மாலைப்பொழுது வருகிறது. ஹோய்ச்சி கதையை எழுதிக்கொண்டிருந்த நாட்கள். இருட்டிவிட்டது, ஹெர்ன் விளக்கேற்றவில்லை. பக்கத்து அறையிலிருந்து செட்சு மெல்ல ‘ஹோய்ச்சி, ஹோய்ச்சி’ என்று கூப்பிடுகிறார். தனக்குக் கண் தெரியாது, கூப்பிடுவது யார் என்று உள்ளேயிருந்து கேட்கிறார் ஹெர்ன்.