குளிர்நீர் ஆற்றில் ராஃப்டிங்: எத்தகைய உடை பாதுகாப்பானது?

இமயமலை ஆறுகளில் ராஃப்டிங் எனப்படும் காற்றடைத்த மிதவைப் படகுப் பயணம் மேற்கொள்வோரில் பலர், அன்றைய வெயிலைப் பார்த்தே உடையைத் தேர்வு செய்கின்றனர். ஆனால், கருத்தில் கொள்ள வேண்டியது ஆற்று நீரின் குளிர்ச்சியையே.

உத்தராகண்ட் மாநிலம் ரிஷிகேஷில், மழைக்காலம் முடிந்தபின் தொடங்கும் ராஃப்டிங் பருவம் குளிர்காலத்தையும் கடந்து கோடை வரை நீடிக்கிறது. பனிமலைகளிலிருந்து வரும் பாகீரதியும் அலக்நந்தாவும் தேவபிரயாகையில் இணைந்து, கங்கையாக இங்கு பாய்கின்றன. லடாக்கில், நிம்மு அருகே சிந்து நதியுடன் கலக்கும் ஜான்ஸ்கர் ஆற்றில் கோடையில்தான் ராஃப்டிங் நடைபெறுகிறது. எனினும், பனி உருகி வரும் அதன் நீர் அப்போதும் கடுங்குளிராகவே இருக்கும்.

ஆபத்து என்ன?

காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கடுங்குளிர் நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடத்தில் கட்டுப்படுத்த இயலாத மூச்சுத் திணறல் ஏற்படும். அடுத்த 10 நிமிடங்களுக்குள் கை, கால்கள் வலுவிழக்கும். நன்கு நீந்தத் தெரிந்தவரும் மீட்புக் கயிற்றைப் பற்ற இயலாமல் போகலாம். உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறையும் நிலை 'ஹைப்போதெர்மியா' எனப்படுகிறது.

அணிய வேண்டியவை

* உடலை ஒட்டிய உள்ளாடை கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ இருக்க வேண்டும். இவை நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.
* அதன்மேல் நியோப்ரீன் ரப்பராலான 'வெட்சூட்' அணியலாம். இது உடலை ஒட்டித் தங்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உடல் வெப்பத்தாலேயே சூடாக வைத்திருக்கும். தளர்வாக இருந்தால் பயன் தராது.
* மிகக் குளிர்ந்த நீரில், கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாதவாறு அமைந்த 'டிரைசூட்' சிறந்தது. இதற்குள் கம்பளி உடை அவசியம்.
* நியோப்ரீன் காலுறை, கையுறை, கழன்றுவிடாத காலணி, தலைக்கவசம் ஆகியவையும் தேவை.
* உயிர்காப்பு அங்கியை எல்லா உடைகளுக்கும் மேலாக இறுக்கமாக அணிய வேண்டும். மூச்சுத் திணறும் அந்த முதல் நிமிடத்தில் மிதக்க உதவுவது அதுவே.

தவிர்க்க வேண்டியவை

பருத்திச் சட்டை, ஜீன்ஸ் ஆகியவை நீரை உறிஞ்சிக் கனத்து, உடல் வெப்பத்தை விரைவாக இழக்கச் செய்யும். துப்பட்டா, சேலை, கழுத்துத் துண்டு ஆகியவை பாறையிலோ கயிற்றிலோ சிக்கக்கூடும்.

கரை சேர்ந்தபின்

ஈர உடையை உடனே களைந்து, உலர்ந்த உடை அணிய வேண்டும். இதற்கென மாற்றுடையைக் கரையிலோ வாகனத்திலோ வைத்திருப்பது நல்லது. சூடான இனிப்புப் பானம் அருந்தலாம். மது அருந்தினால் தோலின் இரத்த நாளங்கள் விரிந்து, உடல் வெப்பம் மேலும் குறையும்.

பேச்சுக் குழறல், தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். குளிரால் வாடியவரின் நடுக்கம், உடல் சூடேறாமலேயே நின்றுவிட்டால், அதைத் தேறியதாகக் கருதக் கூடாது. அவரை உலர்ந்த போர்வையால் போர்த்தி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.