பழைய பைக்கில் வாட்டர் பம்ப் ஒழுகுதா? அந்தச் சின்ன ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க

காலையில் பைக்கை வெளியே தள்ளுகிறீர்கள். நிறுத்தியிருந்த இடத்தில் பச்சையாகவோ நீலமாகவோ சில சொட்டுகள். தொட்டால் வழவழவென்று இருக்கிறது. 'ராத்திரி மழை பெஞ்சிருக்கும்' என்று கடந்துவிடாதீர்கள். அது கூலன்ட். இப்போது கவனித்தால் ஒரு சீல் மாற்றுவதோடு வேலை முடியும். விட்டுவிட்டால் இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம்.

எந்தப் பழைய பைக்கில் வாட்டர் பம்ப் இருக்கும்?

புல்லட், பழைய ஜாவா, யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 எல்லாமே காற்றால் குளிரும் இன்ஜின்கள். அவற்றில் பம்ப்பே கிடையாது. அடியில் ஏதாவது சொட்டினால் அது ஆயிலாகவோ பெட்ரோலாகவோ இருக்கும்.

உலக அளவில் தண்ணீரால் குளிரும் பைக்குகள் புதிதல்ல. பிரிட்டனின் ஸ்காட் பைக்குகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பம்ப் இல்லாமல், சூடான நீர் தானாக மேலே ஏறும் இயல்பை வைத்தே இன்ஜினைக் குளிர்வித்தன. 1971-ல் வந்த சுசுகி ஜிடி750-க்கு அமெரிக்காவில் 'தண்ணி எருமை' என்றே பட்டப்பெயர்.

நம் ஊரில் இந்தக் கதைக்கு முக்கியமான இடம் புனே. 2012 ஜனவரியில் அறிமுகமான கேடிஎம் டியூக் 200, புனேவை ஒட்டிய சாக்கனில் உள்ள பஜாஜ் ஆலையில் தயாரானது. அதே ஆண்டு பல்சர் 200என்எஸ் வந்தது. அந்த முதல் வரிசை வண்டிகளுக்கு இப்போது பத்து வயதுக்கு மேல். பல வண்டிகள் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. சட்டப்படி 'விண்டேஜ்' என்று சொல்ல 50 வயது தாண்ட வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2021-ம் ஆண்டு விதி. ஆனால் ரப்பர் சீலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பத்து வருஷத்திலேயே இறுகிவிடும்.

அந்த ஓட்டை எதற்கு?

பம்ப் தண்டின் ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் இன்ஜின் ஆயில். இரண்டையும் பிரித்து வைப்பவை இரண்டு சீல்கள். அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன ஓட்டை வெளியே திறக்கும். கூலன்ட் சொட்டினால் தண்ணீர்ப் பக்க சீல் போய்விட்டது. ஆயில் சொட்டினால் ஆயில் பக்க சீல்.

அதாவது, ஒழுகுவது அந்த ஓட்டையின் குற்றமல்ல. அது உங்களை எச்சரிக்கிறது. எம்-சீல் வைத்து அடைத்தால் வெளியே சொட்டுவது நிற்கும். ஆனால் கூலன்ட் உள்ளே போய் ஆயிலோடு கலக்கலாம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் டீ நிறத்தில் தெரிகிறதா? அதற்குமேல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

எல்லா ஒழுகலும் பம்ப்பிலிருந்து வருவதில்லை. பம்ப் பகுதியைக் கழுவி, நன்றாகத் துடைத்து, முகப் பவுடர் தூவுங்கள். கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டால் ஈரம் தொடங்கும் இடம் தெரிந்துவிடும். ஹோஸ் கிளாம்ப் என்றால் இறுக்கினாலே போதும். பம்ப் மூடியின் ஓரம் என்றால் ஓ-ரிங் அல்லது கேஸ்கெட். ஓட்டையிலிருந்து என்றால் சீல்.

சரிசெய்வது எப்படி?

1. இன்ஜின் முழுதாக ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, விசில் அடங்காத குக்கரைத் திறப்பது மாதிரி. முகமே வெந்துவிடும்.

2. வடிகால் போல்ட்டைக் கழற்றி கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள்.

3. மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் மூடியை வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

4. இம்பெல்லரைக் கழற்றி, தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தண்டையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் புது சீலும் சீக்கிரமே ஒழுகும். இரண்டாவது முறை வேலை வைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

5. இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, அதே அளவு பாக்ஸ் ஸ்பேனரை மேலே வைத்து நேராக அழுத்துங்கள். சாய்ந்து இறங்கினால் வீண்.

6. புது கேஸ்கெட், ஓ-ரிங், வடிகால் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர். மூடி போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அலுமினிய மரை சுலபமாகப் போய்விடும்.

7. கூலன்ட் ஊற்றி, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து குமிழிகள் வெளியேறும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். பிறகு மூடி, ஃபேன் ஓடும்வரை விடுங்கள். ஆறிய பிறகு மட்டத்தை மறுபடி பாருங்கள்.

பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்றால்?

புனேயில் டூவீலர் உதிரிபாகங்களுக்கு நானா பேட் பேர்போனது. அங்கும் இல்லையென்றால், பழைய ஆயில் சீலின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்கள் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பேரிங் கடையில் அந்த அளவைச் சொன்னால் போதும், பைக் பெயர்கூடத் தேவையில்லை.

போர் தண்ணி ஊத்தலாமா?

கூடாது. அதிலுள்ள உப்பு படிந்து சீலைத் தேய்க்கும். ரேடியேட்டரையும் அடைக்கும். கூலன்ட் கெட்டியான வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி. 'ரெடி மிக்ஸ்' என்றால் எதுவும் சேர்க்க வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ள புனேயில் வெறும் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். காத்ரஜ் காட் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோகும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

கடைசியாக ஒன்று. வடித்த கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். தெருநாயும் குழந்தையும் ருசி பார்த்துவிடலாம், கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். மூடி போட்ட கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். ஆனால் ஆயில் டின்னில் கலக்க வேண்டாம்.