கார்கிலில் பறந்த பெண் விமானி ஒருவர் இல்லை, இருவர்! யார் இந்த ஸ்ரீவித்யா ராஜன்?

கார்கில் போரில் பறந்த பெண் விமானி யார்னு கேட்டால், பலரும் சட்டென்று குஞ்சன் சக்சேனா பெயரைத்தான் சொல்வார்கள். 2020 ஆகஸ்ட்டில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான, ஜான்வி கபூர் நடித்த படம் அந்தப் பெயரை வீடு வீடாகக் கொண்டு சேர்த்துவிட்டது. ஆனால் 1999-ல் அந்த மலைகளுக்கு மேல் ஹெலிகாப்டர் ஓட்டிய பெண்கள் இருவர். இன்னொருவர் கேரளாவைச் சேர்ந்த ஸ்ரீவித்யா ராஜன்.

படம் வந்ததும் ஃபேஸ்புக்கில் அவரே இதை எழுதினார். இருவரும் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். 1996-ல் உதம்பூருக்கு இருவருக்கும் சேர்ந்தே போஸ்டிங். போர் தொடங்கியதும் ஆண் விமானிகளுடன் ஸ்ரீநகருக்கு முதலில் போனது தான்தான் என்றும், சில நாள் கழித்து அடுத்த குழுவோடு குஞ்சன் வந்தார் என்றும் அவர் சொல்கிறார். படத்திலோ உதம்பூரில் இருப்பது ஒரே ஒரு பெண்!

என்ன வேலை செய்தார்கள்?

இருவரும் ஓட்டியது சீட்டா ஹெலிகாப்டர். ஒற்றை எஞ்சின், ஆயுதம் கிடையாது. ஆனால் உயரம் ஏறுவதில் கில்லாடி. பெங்களூரு எச்ஏஎல் நிறுவனம் தயாரித்த இதன் மூலம் பிரான்ஸின் 'லாமா' ரகம். 1972-ல் 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தது. கார்கிலுக்கு அப்படி ஒரு வண்டிதான் தேவைப்பட்டது. நம்ம ஊர் தொட்டபெட்டா சிகரமே சுமார் 8,650 அடிதான். திராஸ் ஊரே 10,000 அடிக்கு மேல. சண்டை நடந்ததோ அதற்கும் மேலே.

காயம்பட்ட வீரர்களைத் தூக்கி வருவது, முன்களத்துக்குப் பொருட்கள் கொண்டுபோவது, எதிரி பதுங்கிய இடங்களைப் பார்த்துச் சொல்வது. இதுதான் வேலை. கேட்கச் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் மே 28-ம் தேதி எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 4 பேரும் உயிரிழந்தார்கள். தன் ஹெலிகாப்டரைக் குறிவைத்த ஏவுகணை ஒன்று தவறிப்போய் பின்னால் மலையில் மோதியதாக குஞ்சனும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சர்ச்சை என்ன?

பெண் என்பதால் குஞ்சனை சக அதிகாரிகள் அவமானப்படுத்துவது போன்ற காட்சிகளுக்கு விமானப்படையே எதிர்ப்பு தெரிவித்தது. ஸ்ரீவித்யா சொல்வது இரண்டுக்கும் நடுவில். பெண்களுக்குத் தனியாக உடை மாற்றும் அறை இல்லை, சிலரிடம் பாகுபாடு இருந்தது, அது உண்மைதான். ஆனால் ஆதரவாக நின்றவர்கள் நிறைய பேர். படத்தில் வரும் கைமல்யுத்தம் நடக்கவே இல்லை.

உண்மையில் கதவை அடைத்தது பணி விதிதான். அப்போது பெண்களுக்கு குறுகிய காலப் பணி மட்டுமே. அதனால் போர் அனுபவம் இருந்தும் குஞ்சன் 2004-ல் வெளியேற வேண்டியிருந்தது. குறுகிய காலப் பணியில் சேர்ந்த பெண்களுக்கும் நிரந்தரப் பணி உண்டு என டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2010-ல். போர் விமானத்துக்கான முதல் 3 பெண் விமானிகள் விமானப்படையில் சேர்ந்தது 2016 ஜூனில், அதாவது கார்கில் முடிந்து 17 வருஷம் கழித்து.